வண்ணப்பெட்டியில் வாடாமல்லிக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில் சென்ற ஞாயிறன்று வெளிவந்த ஓவியப் பயிற்சிக் குறிப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் முதன்மை வண்ணங்கள் என்றும், மற்ற எல்லா வண்ணங்களையும் இம்மூன்றைக் கலந்தே பெற்றுவிடலாம் என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தது. காஞ்சிபுரத்தில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அந்த ஒரு வரியைப் பற்றி எழுத விரும்புகிறேன். குறிப்பை எழுதியவர்மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. நான் மாணவனாக இருந்தபோது எனக்கும் அப்படித்தான் சொல்லித்தரப்பட்டது. பணியில் சேர்ந்த முதல் பத்து ஆண்டுகள் நானும் கரும்பலகையில் அதையே எழுதிப்போட்டேன். ஆனால் அந்த விதி தவறு என்பதற்கான சான்று, அது அச்சாகியிருந்த அதே தாளின் அடி ஓரத்திலேயே இருக்கிறது. அதனால்தான் இக்கடிதத்தைத் தங்களுக்கே எழுதுகிறேன்.

வண்ணத்தில் அச்சாகும் பக்கங்களின் விளிம்பில் நான்கு சிறு புள்ளிகள் வரிசையாக இருப்பதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். நான்கு மைகளும் தாளில் பிசகாமல் விழுகின்றனவா என்று அச்சகத்தார் சரிபார்த்துக்கொள்வதற்காக இடும் அடையாளங்கள் அவை. அவற்றில் ஒன்று கறுப்பு, இன்னொன்று மஞ்சள். மீதமுள்ள இரண்டில் சிவப்பும் இல்லை. நாம் வழக்கமாக நீலம் என்று சொல்லும் நீலமும் இல்லை. ஒன்று, அச்சுத் தொழிலில் சயான் என்று வழங்கும், பச்சையின் பக்கம் சற்றே சாய்ந்த பளிச்சென்ற நீலம். மற்றது மெஜந்தா, பட்டுச் சேலை கட்டும் நம் வீட்டுப் பெண்கள் அதை வாடாமல்லி என்பார்கள், நானும் இக்கடிதத்தில் அப்படியே சொல்கிறேன். ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, தங்கள் சமையல் குறிப்புப் பகுதியில் வரும் ஒரு தக்காளியின் படத்தைப் பார்த்தால், அங்கே சிவப்பு மை என்று ஒன்று கிடையவே கிடையாது. வாடாமல்லிப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளும் ஒன்றன்மேல் ஒன்றும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றுமாகப் படிந்திருப்பதே தெரியும். வாழை இலையின் பச்சைக்குள் சயானும் மஞ்சளும் இருக்கும். வேறு நிறங்களைக் கலந்து பெற முடியாததே முதன்மை நிறம் என்று நாம் இலக்கணம் சொல்லித்தருகிறோம்; அந்த இலக்கணப்படி முதன்மையாக இருக்க வேண்டிய சிவப்பை, தங்கள் அச்சகம் நாள்தோறும் இரவில் இரண்டு மைகளைக் கொண்டு உண்டாக்கிவிடுகிறது.

இது ஏதோ அச்சகத்தாரின் வசதிக்காக ஏற்பட்ட ஏற்பாடு, தூரிகை பிடிக்கும் பிள்ளைக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். எனக்கே அந்தக் கேள்விக்கு விடை சொன்னவள் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா வரும் என்று நான் சொன்னதை நம்பி, கத்தரிக்காய் வரைந்து வண்ணம் தீட்ட முயன்றாள். பெட்டியில் இருந்த குங்குமச் சிவப்பையும் கருநீலத்தையும் எத்தனை முறை கலந்தாலும் காய்ந்த சேறு போன்ற ஒரு நிறமே வந்தது. தூரிகை அழுக்காக இருக்கிறது என்று எண்ணி அதை மூன்று முறை கழுவினாள், தண்ணீரையும் மாற்றினாள். கடைசியில் என்னிடம் வந்து, "சார், எங்க அப்பா வாடாமல்லிப் பாவுல நீல ஊடை போட்டா ஊதா வந்துடுது, எனக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்குது?" என்று கேட்டாள். நெசவாளர் வீட்டுப் பிள்ளை அவள். அவளுடைய தந்தை தறியில் சரியான நிறத்தை எடுத்திருந்தார். அவளுக்கு நான் தவறான நிறத்தைக் கொடுத்திருந்தேன். அன்று அவளுக்கு என்னால் விடை சொல்ல முடியவில்லை. விடையைத் தேடிப் படித்ததிலிருந்துதான் என் வகுப்பு மாறியது.

வண்ணப் பசைகளைக் கலப்பது அடிப்படையில் ஒரு கழித்தல் கணக்கு. வெயிலின் வெண்மைக்குள் எல்லா நிற ஒளிகளும் அடங்கியிருக்கின்றன என்பதை 1660-களில் முப்பட்டகத்தைக் கொண்டு ஆராய்ந்த நியூட்டன், 1704-ஆம் ஆண்டு வெளியிட்ட ஒளியியல் நூலில் விரிவாக விளக்கினார். ஒரு நிறமி தன்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. நம் கண்ணுக்கு வந்து சேர்வது அந்த மிச்சம்தான். ஒளியைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பங்காகப் பிரித்துக்கொண்டால், மஞ்சள் நிறமி நீலப் பங்கை மட்டும் விழுங்குகிறது. வாடாமல்லி பச்சைப் பங்கை மட்டும் விழுங்குகிறது. சயான் சிவப்புப் பங்கை மட்டும் விழுங்குகிறது. ஒவ்வொன்றும் ஒரு பங்கையே எடுத்துக்கொள்வதால், எந்த இரண்டைக் கலந்தாலும் ஒரு பங்கு ஒளி தெளிவாக மிஞ்சும். குங்குமச் சிவப்போ பச்சை, நீலம் ஆகிய இரண்டு பங்குகளையும் விழுங்கிவிடும். கருநீலமும் சிவப்பையும் பச்சையையும் பெரும்பாலும் விழுங்கிவிடும். இரண்டு பெருந்தீனிக்காரர்களை ஒரே இலையில் உட்காரவைத்தால் மிஞ்சுவது என்ன? அந்த மாணவியின் தட்டில் மிஞ்சியது சேறு.

தறியில் நடப்பது வேறு. அங்கே நூல்கள் ஒன்றோடொன்று கரைவதில்லை. நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் தனித்தனியாக நின்று, தத்தம் ஒளியை நம் கண்ணுக்கு அனுப்ப, கண் அவற்றின் சராசரியை ஒரு நிறமாக எடுத்துக்கொள்கிறது. அதனால் கலவை இருண்டுபோவதில்லை. மயில் கழுத்து நிறம் என்று நாம் மயங்கிப் பார்ப்பதும் இந்த வித்தைதான்: பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம், மடிப்பு திரும்பும்போது ஒன்று மேலெழுந்து மற்றது தாழும். 1880-களில் பாரிஸில் ஜார்ஜ் சூரா என்ற ஓவியர் தூய வண்ணங்களைத் தட்டில் கலக்காமல் சிறு புள்ளிகளாகத் துணியில் வைத்துச் செய்து பார்த்ததும், தங்கள் அச்சு இயந்திரம் செய்வதில் ஒரு பகுதியும் இதுவே. செல்பேசித் திரையில் ஒரு சொட்டுத் தண்ணீரை விட்டுப் பார்த்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று ஒளிக் கோடுகள் தெரியும். அங்கே நடப்பது முழுக்கக் கூட்டல் கணக்கு. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் ஒரே வாய்பாட்டைச் சொல்லித்தர முடியாது.

அப்படியானால் பழைய ஓவியர்கள் அறியாமல் சொன்னார்களா என்றால், அவர்கள்மீது அந்தப் பழியைப் போட நான் விரும்பவில்லை. அவர்கள் கையில் இருந்த நிறமிகளைக் கொண்டு அவர்கள் கண்டது அதுதான். 1725 வாக்கில் லண்டனில் யாக்கோப் கிறிஸ்டோஃப் லெ ப்ளோன் என்பவர் நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று அச்சிட்டு முழு வண்ணப் படங்களை உண்டாக்கும் முறையை விளக்கி நூல் எழுதினார். முதன்மை வண்ணங்கள் மூன்று என்ற கருத்து பரவியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் வெயிலுக்கு வெளுக்காத வாடாமல்லியோ, தூய சயானோ அன்று ஓவியர்களுக்குக் கிடைக்கவில்லை. பூச்சியிலிருந்து எடுத்த அரக்குச் சாயம் போன்றவை அந்தப் பக்கம் சாய்ந்தவைதாம் என்றாலும் ஒளிபட ஒளிபட மங்கிவிடுபவை. மெஜந்தா என்ற பெயரே, 1859-ஆம் ஆண்டில் இத்தாலியில் அதே பெயருடைய ஊரில் நடந்த போரை ஒட்டி ஒரு புதிய செயற்கைச் சாயத்துக்கு வைக்கப்பட்டது. அந்தச் சாயமும் நிலைக்கவில்லை. சயான் மைக்கு அடிப்படையான தாலோ நீலம், 1928-இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில் தற்செயலாகக் கண்ணில் பட்டு, 1930-களின் நடுவில்தான் விற்பனைக்கு வந்தது. உறுதியான வாடாமல்லியைத் தரும் குவினாக்ரிடோன் நிறமிகள் ஓவியர்கள் கைக்கு வந்தது 1950-களின் இறுதிக்குப் பிறகு. நிறமிகள் மாறி இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகிவிட்டன. நம் பாடம்தான் இன்னும் மாறாமல் நிற்கிறது.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். சயான், வாடாமல்லி, மஞ்சள் ஆகிய மூன்றும்கூட எல்லா வண்ணங்களையும் தந்துவிடுவதில்லை. பிற மூன்றைவிடக் கூடுதலாகத் தருகின்றன, அவ்வளவே. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் முழுக் கறுப்பு வராமல் பழுப்பு கலந்த ஒரு கருமையே வரும் என்பதும், தனியே கறுப்பு மை வைக்கப்பட்டதற்கு ஒரு காரணம். சாமந்தியின் கொழுந்துவிட்ட ஆரஞ்சையும் பட்டில் காணும் ஆழ்ந்த நீலத்தையும் நான்கு மைகளால் தாளில் எட்டவே முடியாது. எனவே ஒரு சட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு சட்டத்தை வைக்கும்படி நான் கேட்கவில்லை. ஒவ்வொரு வண்ணமும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கு உண்டாக்கினால் போதும். சிவப்பு என்று ஒன்று கிடையாது. ஆரஞ்சை நோக்கிச் சாய்ந்த வெர்மில்லியன் உண்டு, ஊதாவை நோக்கிச் சாய்ந்த கிரிம்சன் உண்டு. எலுமிச்சை மஞ்சளோடு பிரஷ்யன் நீலத்தைச் சேர்த்தால் தளிர்ப்பச்சை வரும். ஊதாவின் பக்கம் சாய்ந்த அல்ட்ராமரின் நீலத்தைச் சேர்த்தால் வாடிய இலையின் பச்சை வரும். வாடிய இலையை வரைய அந்த இரண்டாவது பச்சைதான் வேண்டும் என்பதால், அதுவும் பிழையான கலவை ஆகாது. தெரிந்து செய்கிறோமா, தெரியாமல் செய்கிறோமா என்பதே வேறுபாடு. விலை உயர்ந்த பொருள் எதுவும் இதற்குத் தேவையில்லை. வாடாமல்லி கிடைக்காதவர்கள், பன்னிரண்டு குப்பிகள் கொண்ட சாதாரண போஸ்டர் கலர் பெட்டியில் பெரும்பாலும் இருக்கும் கிரிம்சனை எடுத்துக்கொண்டாலே கத்தரிக்காய்க்குச் சேற்றிலிருந்து விடுதலை கிடைக்கும்.

வண்ணத்தின் பெயரைப் பற்றியே இவ்வளவு பேசினாலும், என் அனுபவத்தில் பிள்ளைகளின் படங்கள் தட்டையாகிப் போவதற்குப் பெயரைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. பாஸ்டனில் ஓவிய ஆசிரியராக இருந்த ஆல்பர்ட் மன்செல், தம் மாணவர்களுக்கு வண்ணத்தைத் தெளிவாகச் சொல்லித்தர ஒரு வழி தேடி, 1905-இல் ஒரு முறையை வெளியிட்டார். ஒவ்வொரு வண்ணத்துக்கும் மூன்று அளவுகள் உண்டு என்றார் அவர்: அது எந்த நிறம், எவ்வளவு வெளிர்ந்தது அல்லது இருண்டது, எவ்வளவு செறிவானது. நாம் முதலாவதை மட்டும் சொல்லித்தந்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறோம். மஞ்சள் தன் முழுச் செறிவிலேயே வெளிர்ந்தது. கருநீலம் தன் முழுச் செறிவிலேயே இருண்டது. பச்சைப் புல்லும் அதன்மேல் கிடக்கும் சிவப்புப் பந்தும் பல வேளைகளில் ஏறக்குறைய ஒரே அளவு இருண்டவை. இதை வகுப்பில் காட்ட நான் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்க்கச் சொல்வேன். நிறங்கள் மங்கி, இருளும் ஒளியும் மட்டும் எஞ்சும். இன்று செல்பேசியில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் போதும்: நிறங்கள் பளபளத்த படம் ஒரே சாம்பல் திட்டாகிப் போனால், அந்தப் படத்தில் எங்கே பிழை என்பதைப் பிள்ளையே கண்டுகொள்ளும்.

நிழல் என்றால் உடனே கறுப்புக் குப்பியைத் திறக்கும் பழக்கமும் இதோடு சேர்ந்தது. மஞ்சள் பூசணியின் நிழல் பக்கத்துக்குக் கறுப்பைச் சேர்த்த பிள்ளைகள், அது பாசிப்பச்சையாக மாறியதைக் கண்டு திகைத்ததை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரில் நண்பகலில் விழும் நிழலை நின்று பார்க்கும் எவரும், அது வானத்தின் ஒளியை வாங்கி நீலம் பாய்ந்திருப்பதைக் காணலாம்.

அடுத்து, ஒரு வண்ணம் தன் அண்டை வண்ணத்தால் மாறும் செய்தி. 1824 முதல் பாரிஸின் கோப்லான் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பேற்ற வேதியியலர் மிஷேல் செவ்ரோலிடம், கறுப்புச் சாயம் ஏறிய நூல் சோடையாக இருக்கிறது என்ற புகார் வந்தது. அவர் நூலைச் சோதித்தார். சாயத்தில் குறை இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் அந்தக் கறுப்பு நெய்யப்பட்டபோதுதான் அது வலுவிழந்து தெரிந்தது. அருகருகே நிற்கும் இரண்டு வண்ணங்களில் ஒவ்வொன்றும் தன் எதிர் வண்ணத்தின் சாயலை மற்றதன்மேல் ஏற்றுகிறது என்ற விதியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார். காஞ்சிபுரத்தில் இந்த நூலைப் படிக்காமலேயே இதைப் பழகியவர்கள் இருக்கிறார்கள். ஒரே அரக்குக் கரையைப் பச்சை உடலோடு கோர்வையில் இணைத்தால் கரை சிவந்து எரியும். ஆரஞ்சு உடலோடு இணைத்தால் அதே கரை அடங்கிப் பழுத்துவிடும். எந்த உடலுக்கு எந்தக் கரை என்று வாதாடும் நெசவாளரும், கடையில் சேலையை உதறிப் போர்த்திப் பார்க்கும் பெண்களும் செவ்ரோல் பார்த்ததையே பார்க்கிறார்கள். பிள்ளைக்கு இதை விளக்க இரண்டு வண்ணத் தாள்களும் ஒரே சாம்பல் தாளில் வெட்டிய இரண்டு துண்டுகளும் போதும்: மஞ்சள் தாளின்மேல் வைத்த சாம்பல் துண்டு நீலம் பாய்ந்து தெரியும், நீலத் தாளின்மேல் வைத்தது மஞ்சள் பாய்ந்து தெரியும். இரண்டையும் எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிக் காட்டினால், இரண்டும் ஒன்றுதான் என்பதை நம்ப மறுத்துச் சண்டை போடும் பிள்ளைகளையே என் வகுப்பில் நான் மிகவும் விரும்பினேன்.

இத்தனையையும் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் இன்னொன்று உண்டு. எழுதவே மனம் கனக்கிறது. நம் பிள்ளைகள் கிரேயான் பெட்டியில் உள்ள ஒரு வெளிறிய குச்சியை ஸ்கின் கலர் என்று சொல்கிறார்கள். அம்மாவை வரையச் சொன்னால், தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்த பிள்ளை, அந்த வெளிறிய குச்சியை எடுத்து அம்மாவின் முகத்தை நிரப்புகிறது. அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் சதை நிறம் என்று பெயரிட்டிருந்த தன் குச்சியின் பெயரை 1962-ஆம் ஆண்டிலேயே பீச் பழ நிறம் என்று மாற்றிவிட்டது. நம் வகுப்பறைகளில் அந்தப் பேச்சு இன்னும் ஒழியவில்லை. வண்ணக் கலவை தெரிந்த பிள்ளைக்கு அந்தக் குச்சி தேவைப்படாது. பழுப்பு என்பது ஒளி குறைந்த ஆரஞ்சுதான். மஞ்சளோடு வாடாமல்லியைச் சேர்த்து ஆரஞ்சாக்கி, அதில் நீலத்தைத் துளித்துளியாக விட்டுக்கொண்டே போனால், மாந்தளிர் முதல் கருங்காலி வரை நம் ஊரின் எல்லா முகங்களும் அந்தத் தட்டில் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொரு கலவையையும் தன் புறங்கையில் ஒரு பொட்டாக வைத்துப் பார்க்கச் சொல்வேன். பொட்டு கண்ணுக்குத் தெரியாமல் கையோடு கரைந்துபோகும்போது அந்தக் கலவை சரி. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது நிறங்கள் வரும். தம் நிறத்தைத் தாமே கண்டுபிடித்த அன்று அவர்கள் கைகளைக் கழுவ மறுத்துவிடுவார்கள்.

அரசுப் பள்ளிகளின் தொடக்க வகுப்புகளில் கிரேயான்களும் வண்ணப் பென்சில்களும் விலையில்லாமல் வழங்கப்படுகின்றன. அந்தப் பெட்டிகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் உள்ளவர்கள் தங்கள் நாளிதழைப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்: தூய வாடாமல்லியும் சயானும் ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கட்டும், பழுப்பு ஒன்றுக்குப் பதிலாக மூன்று நான்கு இருக்கட்டும், எந்தக் குச்சிக்கும் தோலின் பெயரை வைக்க வேண்டாம். ஓவிய ஆசிரியர்கள் தம் மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தும்போது, முதன்மை வண்ணங்கள் எவை என்ற கேள்விக்கு வேறு விடை எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்காமல், அந்த விடை எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்கட்டும்.

தங்களிடம் கேட்பது சிறிய உதவி. வரும் ஏதேனும் ஒரு ஞாயிறன்று சிறுவர் பக்கத்தில், சயான், வாடாமல்லி, மஞ்சள் ஆகிய மூன்று வட்டங்களை, ஒன்றின் ஒரு பகுதி மற்றதன்மேல் படியுமாறு, கறுப்பு மை கலக்காமல் முழு அடர்த்தியில் அச்சிடுங்கள். உள்ளங்கை அகலத்துக்கு இருந்தால் போதும். இரண்டிரண்டு வட்டங்கள் படியும் இடங்களில் சிவப்பும் பச்சையும் ஊதாநீலமும் தாமாகவே பிறந்திருப்பதைப் பிள்ளைகள் கண்டுகொள்வார்கள். அருகில் நீண்ட விளக்கம் எதுவும் வேண்டாம். மூன்றும் சேரும் நடுப்பகுதிக்கு மட்டும் பெயர் எழுதாமல் விட்டுவிட்டு, அது என்ன நிறம் என்று பிள்ளைகளையே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர்,
காஞ்சிபுரம்.